பதினேழு குழிகளும் சுகம்

கலுகலை தோட்டம், கீழ்ப்பிரிவு,
கஹவத்தை.
17.2.1974

மேன்மை தங்கிய மாப்பிள்ளை ராஜதுரை அவர்களுக்கு,

மாமனார் வேலுசாமி மிகுந்த மரியாதையுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் மகள் இந்திராணியும் கேகாலையில் சுகமாக இருக்கிறீர்கள் என்றும், ரேடியோ பழுதுபார்க்கும் தங்கள் கடை நல்லபடி நடக்கிறது என்றும் நம்புகிறேன். இங்கே நான் சுகம். தங்கள் அத்தை பரிமளம் சுகம். வாசலில் உள்ள பதினேழு குழிகளும் சுகம். பதினெட்டாவதாக ஒரு குழி இருக்கிறது. அது அரசாங்கம் தோண்டியது என்பதால் அதன் சுகதுக்கத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை.

பொங்கலுக்கு முதல் நாள் தாங்கள் மகளோடு வந்தீர்கள். ஆறாம் நாள் விடியற்காலை, "கடையில அவசர வேலைங்க மாமா" என்று தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்தீர்கள். அந்த அவசரத்தில் தங்கள் இயந்திரத்தை என் கட்டிலுக்குக் கீழே மறந்து வைத்துவிட்டீர்கள். அதன் விளைவுகளையும் கூடவே மறந்து வைத்துவிட்டீர்கள். அவற்றைத் தங்களுக்குத் தெரியப்படுத்துவது என் கடமை. நாற்பது வருடமாக ரப்பர் ஸ்டோரில் கிளாக்கராக இருந்து, ஒரு வாளி பால் கொட்டினாலும் அறிக்கை எழுதிப் பழகிய கை இது. இதையும் தொடக்கத்திலிருந்து எழுதாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

மாட்டுப் பொங்கலன்று காலை, நம் வீட்டில் மாடு இல்லாத குறையைத் தீர்ப்பதற்காகத் தாங்கள் சாக்கை அவிழ்த்து அதை வெளியே எடுத்தீர்கள். ஒரு நீளக் கம்பு. அதன் நுனியில் சோற்றுத் தட்டு அளவில் ஒரு பலகை வட்டம். வட்டத்தைச் சுற்றிச் செப்புக் கம்பி. பிடிக்குப் பக்கத்தில், வயிறு கிழித்துக் குடல் தெரிய ஒரு சின்ன ரேடியோ. "இது என்னங்க மாப்பிள்ளை, ராத்திரியில கடிக்கிற நுளம்ப அடிக்கிறதுங்களா?" என்று நான் கேட்டேன். தாங்கள் சிரித்தீர்கள். படித்தவர்கள் சிரிக்கும் சிரிப்பு. "இல்லீங்க மாமா, மண்ணுக்குள்ள காசு கெடந்தா இது கத்தும். வெளிநாட்டுப் புத்தகம் ஒண்ணப் பாத்து நானே செஞ்சது. இந்த எடத்துலதான் முந்தி பெரிய கங்காணி வீடு இருந்துச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க? அந்தக் காலத்துல சம்பளம் பூரா வெள்ளிக் காசு. குடுக்கையில எத்தனை கீழ விழுந்திருக்கும்? ராணி தல போட்ட காசுக்குக் கொழும்புல என்னா வெலன்னு தெரியுங்களா?" என்றீர்கள். கல்யாணத்துக்கு மறுநாள், வேறு பேச்சு இல்லாததால், பெரிய கங்காணி வீட்டைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னது உண்மைதான். மாமனாரின் பேச்சை மாப்பிள்ளைமார் காதில் வாங்குவதில்லை என்று உலகமே குறைப்படுகிறது. எனக்கு வாய்த்தவர் காதில் வாங்கியதோடு நிற்காமல் மம்பட்டியையும் கையில் வாங்கிக்கொண்டார்.

இயந்திரம் வாசலில் இறங்கியதும் 'கூ' என்று அழ ஆரம்பித்தது. இரும்பைக் கண்டால் குரல் ஏறும், பித்தளையைக் கண்டால் இன்னும் ஏறும் என்று தாங்கள் விளக்கினீர்கள். மரவள்ளிப் பாத்திக்கு மேலே அதைக் கொண்டுபோனபோது அழுகை சட்டென்று நின்று, உள்ளேயிருந்து ஒருவர் கணீரென்ற குரலில் மரண அறிவித்தல் வாசித்தார். அன்னாரின் பூதவுடல் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறது என்று அவர் சொல்லி முடிக்குமுன் பரிமளம் அடுப்படியிலிருந்து அகப்பையோடு ஓடிவந்து, "ஐயோ, யாருங்க அது? யார நம்ம வாசல்ல பொதச்சிருக்கு?" என்று தலையில் கை வைத்தாள். ரேடியோ தன் பழைய தொழிலை மறக்கவில்லை என்று தாங்கள் அவளுக்கு எடுத்துச் சொல்லிவிட்டு, மரணம் அறிவிக்கப்பட்ட அதே இடத்தில் மம்பட்டியைப் போட்டீர்கள். அரிசிக்கு ஒரு வரிசை, பேக்கரிப் பாணுக்கு ஒரு வரிசை என்று நாடே தெருவில் நிற்கும் இந்த வருடத்தில், எங்கள் இரவுச் சாப்பாடு அந்தப் பாத்திக்குள்தான் இருந்தது என்பது தங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. விருந்தாளிக்கு நாங்கள் சோறுதானே போட்டோம்.

முதல் குழியில் ஒரு செமன் மீன் டின் கிடைத்தது. இரண்டாம் குழியில் அதே டின்னின் மூடி கிடைத்தது. விஞ்ஞானம் ஒழுங்காகத்தான் முன்னேறுகிறது என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவதில் மொட்டையான பால்வெட்டுக் கத்தி. நாலாவதில் அந்த அனர்த்தம் நடந்தது. உண்மையிலேயே ஒரு காசு கிடைத்தது! தாங்கள் அதை இடுப்புச் சாரத்தில் துடைத்து, வெயிலில் பிடித்துப் பார்த்து, "மாமா! ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்திரண்டு! ஒரு சதம்!" என்று கூவித் துள்ளினீர்கள். அந்தச் சதத்தைவிட நான் இருபத்தெட்டு வயது மூத்தவன். என்னைக் கண்டு தாங்கள் ஒருநாளும் அப்படித் துள்ளியதில்லை.

அந்தக் கூவல்தான் வினை. இந்த இரத்தினபுரி மாவட்டத்தில் ஒருவன் வாசலில் முழங்கால் ஆழம் தோண்டினால், அவன் பழைய காசு தேடுகிறான் என்று எந்தப் பைத்தியக்காரனும் நம்பமாட்டான். ரப்பர் பால்வெட்டு முடிந்து வந்தவர்கள் வேலியோரம் நின்று பார்த்தார்கள். பின்னேரத்துக்குள் தொழிலாளர் லயம் முழுவதும் ஒரே பேச்சு: "கிளாக்கரய்யா வாசல்ல இல்லம் கெடச்சிருச்சாம்!" இல்லம் என்றால் தமிழில் வீடு. இந்தப் பக்கத்துச் சிங்களத்தில் மாணிக்கக்கல் கிடக்கும் சரளை மண்ணுக்கு அந்தப் பெயர். மறுநாள் காலை பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் பாதிப் பேர் இல்லை. எல்லாரும் அவரவர் லயத்து வாசலில் மண் கொத்தும் முள்ளும் அலவாங்குமாக நின்றார்கள். விசாரிக்க வந்த தோட்டத்துத் துரையிடம், நான்தான் இடையில் நின்று, "சேர், அரசாங்கம் உணவுப் பயிர் செய்யச் சொன்னதுக்குத்தான் ஆளுங்க இப்புடி மும்முரமா கொத்துறாங்க" என்று ஒரு பொய் சொன்னேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றே மேலிடத்துக்கு அறிக்கை எழுதினார். ஒரு வாரத்தில் எங்கள் தோட்டத்துக்குப் பாராட்டுக் கடிதமும் மூன்று லொறி வற்றாளைக் கிழங்குக் கொடியும் வந்து சேர்ந்தன. நாற்பது வருடச் சேவையில் நான் வாங்காத பாராட்டை ஒரே பொய்யில் வாங்கினேன். அதற்கும் தங்களுக்கே நன்றி.

இத்துடன் நின்றிருக்கலாம். ஆனால் தங்களுக்கு நம் வாசல் போதவில்லை. வியாழக்கிழமை இயந்திரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்துக் குவாட்டர்ஸுக்குப் போனீர்கள். அங்கே இருப்பவர் தோட்டத்து லொறி ட்ரைவர் சாலி. இருபது வருடமாக அவருக்கும் எனக்கும் இடையில் ஒரு வேலியைத் தவிர வேறு எந்தத் தகராறும் இருந்ததில்லை. அவர் லொறியோடு இரத்தினபுரிக்குப் போயிருந்தார். அவர் மனைவி பளீலா, "நம்ம இந்திராணிட மாப்புளதானே, பாருங்க தம்பி" என்று கதவைத் திறந்துவிட்டார். மிளகாய்ச் செடிகளுக்குப் பக்கத்தில் தங்கள் இயந்திரம் போட்ட கூச்சல் ஸ்டோர் வரைக்கும் கேட்டது. தாங்கள் தோண்டினீர்கள். தகரப் பிஸ்கட் டின் ஒன்று வந்தது. அதை நைசாக மூடி வைத்துவிட்டு வந்திருக்கலாம். தாங்கள் என்ன செய்தீர்கள்? பளீலாவின் கையிலேயே கொடுத்து, "தொறந்து பாருங்க அக்கா, பழைய காசாத்தான் இருக்கும்!" என்றீர்கள்.

பழைய காசுதான். கட்டுக் கட்டாக நூறு ரூபாய்த் தாள். எழுபதாம் ஆண்டு, நூறும் ஐம்பதும் இனிச் செல்லாது, வங்கியில் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொன்னார்களே, அந்தத் தாள்கள். மாற்றாமல் விட்டவனுக்கு அவை அடுப்புக்குத்தான் ஆகும். பளீலா பத்து வருடமாக ஒரு தையல் மெஷின் கேட்கிறார். பத்து வருடமாகச் சாலி, "கையில சல்லி இல்ல புள்ள" என்று சொல்லிவருகிறார். பளீலா டின்னை மூடினார். சேலைத் தலைப்பை இழுத்து முக்காடு போட்டார். டின்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே நம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். அன்று சாயந்தரம் லொறியிலிருந்து இறங்கிய சாலி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "அல்லாஹ்மேல ஆண, அது என்ட டின் இல்ல! முன்னால இருந்தவன் பொதச்சி வச்சிருப்பான்!" என்று கத்தினார். முன்னால் இருந்தவர் செத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. டின்னில் உள்ள தாள்களில் போட்ட வருடம் அதற்குப் பிறகு. பளீலா வாசிக்கத் தெரிந்தவர்.

மறுநாள் விடியற்காலைதான் தங்களுக்குக் கடையில் அவசர வேலை வந்தது.

பளீலா பதினோரு நாள் எங்கள் வீட்டில் இருந்தார். நல்ல மனுசி. நன்றாகச் சமைத்தார். பரிமளத்துக்குப் பேச்சுத் துணை. ஆனால் மாப்பிள்ளை, அந்தப் பதினோரு நாளும் என் நிலைமையைத் தாங்கள் எண்ணிப் பார்க்கவேண்டும். காலையில் சாலி வேலியோரம் வந்து நிற்பார். "வேலுசாமியண்ணே, என்ட சட்டையில பட்டன் அந்துட்டு, எங்க ஊசி ஈக்கின்னு கேட்டுச் சொல்லுங்களே." நான் உள்ளே போவேன். பளீலா அவர் காதில் விழுகிற மாதிரி என்னிடம் சொல்வார்: "தையல் மெஷின் ஈந்தா தச்சுக் குடுத்திருப்பேன்னு செல்லுங்க." நான் வெளியே வந்து சொல்வேன். வேலிக்கும் வீட்டுக்கும் நடுவில் குழிகள். தபால்காரனாக நடந்து ஒரு நாள் இடது கால், ஒரு நாள் வலது கால் என்று மாறிமாறி விழுந்து எழும்பினேன். அறுபது வயதில் நடை பழகுவது உடம்புக்கு நல்லது என்று மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் சொன்னார். குழிக்குள் பழகச் சொல்லவில்லை.

சனவரி இருபத்தெட்டாம் தேதி காலை பொலிஸ் ஜீப் வந்தது. யாரோ பெட்டிசம் போட்டிருக்கிறார்கள்: கலுகலைத் தோட்டத்துக் கிளாக்கர் அனுமதிப்பத்திரம் இல்லாமல் மாணிக்கக்கல் தோண்டுகிறார், அதற்கு இயந்திரம் வைத்திருக்கிறார். சார்ஜன்ட் ஒருவரும் கான்ஸ்டபிள் ஒருவரும் இறங்கினார்கள். சார்ஜன்ட் வாசலைப் பார்த்தார். விரலை நீட்டிக் குழிகளை எண்ணினார். பதினேழு. உள்ளே வந்தார். கட்டிலுக்குக் கீழே இயந்திரம். மேசைமேல் பிஸ்கட் டின். திறந்தார். கட்டுக் கட்டாக நூறு ரூபாய். "அம்மோ!" என்றார். பிறகு என்னைப் பார்த்து, மிகவும் மரியாதையாக, "யங் மாத்தயா, போவோம்" என்றார். சிங்களத்தில் நான் நன்றாகத்தான் பேசுவேன். அன்று எனக்குச் சிங்களமும் வரவில்லை, தமிழும் வரவில்லை. "சேர், மகே பேனா" என்று மட்டும் சொன்னேன். பேனா என்றால் சிங்களத்தில் மருமகன்; அதைச் சொன்னால் போதும், நாட்டில் எந்தப் பொலிஸ்காரரும் புரிந்துகொள்வார் என்று ஒரு நம்பிக்கை. அவர், "மருமகன் எங்கே?" என்று கேட்டார். "கேகாலையில் அவசர வேலை" என்றேன்.

பரிமளம் அழ ஆரம்பித்தாள். நான் சட்டை போடப் போனேன். பொத்தான் ஒன்று மாறிப்போனது. மாப்பிள்ளை, இந்த இடத்தில் நான் கிண்டல் பேசவில்லை. வருகிற ஜூன் மாதம் எனக்கு ஓய்வு. நாற்பது வருடத்தில் ஒரு இறாத்தல் ரப்பர் என் கையால் தவறியதில்லை. கடைசி ஐந்து மாதத்தில் ஜீப்பில் ஏறப்போகிறேன். லயத்துச் சனம் முழுவதும் ரோட்டில் நின்று பார்க்கிறது.

அப்போது வேலியைத் தாண்டிச் சாலி வந்தார். கேட்டைச் சுற்றிக்கூட வரவில்லை. வேலியிலேயே ஏறிக் குதித்து, சாரம் கிழிந்து, ஆறாம் குழியில் விழுந்து, எழும்பி, மண்ணோடு சார்ஜன்ட் முன்னால் நின்றார். "அது என்ட டின் சேர். அந்தாளுக்கு ஒண்ணும் தெரியாது" என்று முதலில் சிங்களத்திலும், பிறகு எல்லாரும் கேட்கத் தமிழிலும் சொன்னார். சார்ஜன்ட் நாற்காலியில் உட்கார்ந்து, "சொல்லு" என்றார்.

சாலி சொன்னது இதுதான். தோட்டத்து வேலை முடிந்தால் தோட்டத்து வீடும் முடியும். எம்பிலிப்பிட்டியாப் பக்கம் ஒரு துண்டுக் காணி வாங்கி, பளீலாவைச் சொந்த வாசலில் உட்காரவைக்கவேண்டும் என்று எட்டு வருடம் சேர்த்திருக்கிறார். சொன்னால் தையல் மெஷின் கேட்பார் என்று சொல்லவில்லை. மச்சான்மார் கேட்டபோதும், பள்ளிவாசல் மோதினார் கேட்டபோதும், எல்லாரிடமும் இல்லை என்றே சொல்லிவிட்டார். அப்படியிருக்கையில் எழுபதில் அந்த அறிவித்தல் வந்தது. "பேங்குக்குக் கொண்டுபோனா முழு ஊருக்கும் தெரியவரும். பளீலாட மொகத்தப் பாக்க ஏலாது. நாளைக்கிப் போவம், நாளைக்கிப் போவம்னு ஈந்தேன். நாள் முடிஞ்சிட்டு. என்ன செய்ற? திரும்பவும் பொதச்சேன். மேல மொளகாச் செடி நட்டேன். நாலு வருசமா காலையில எழும்பி அதுக்குத் தண்ணி ஊத்திட்டுத்தான் லொறிய எடுக்கிறேன்."

பளீலா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பதினோரு நாளில் முதல்முறையாக, நான் இடையில் இல்லாமல், அவரே புருசனிடம் பேசினார். "அந்த மொளகாயத்தானே நாலு வருசமா ஒங்களுக்கு ஆக்கிப் போட்டேன். அதான் ஒரு நாளும் ஒறைக்கல்ல" என்றார். சாலி சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் தோட்டத்து வாசல்தான்.

டின் விஷயம் தீர்ந்தது. செல்லாத காசைச் சேர்த்து வைத்ததற்காக ஒருவனைப் பிடிக்கத் தனக்கு மனம் வரவில்லை என்று சார்ஜன்ட் சொன்னார். மாணிக்கக்கல் விஷயம் தீரவில்லை. "இந்த இயந்திரம் வேலை செய்வதைக் காட்டு" என்றார். நான் எடுத்துக் குமிழைத் திருகினேன். சார்ஜன்டின் பெல்ட்டைப் பார்த்துக் கத்தியது. அவர் பெல்ட்டைக் கழற்றினார். சப்பாத்து ஆணியைப் பார்த்துக் கத்தியது. சப்பாத்தைக் கழற்றினார். கான்ஸ்டபிளின் கைவிலங்கைப் பார்த்து ஊளையிட்டது. கான்ஸ்டபிளை ரோட்டுக்கு அனுப்பினார். பிறகு, வெறுங்காலோடும் பெல்ட் இல்லாமலும் நின்ற சார்ஜன்ட், தன் பையிலிருந்து இருபத்தைந்து சதக் காசு ஒன்றை எடுத்து எல்லாரும் பார்க்கத் தோண்டிய மண்ணில் போட்டுக் காலால் மூடினார். "கண்டுபிடி" என்றார்.

தங்கள் இயந்திரம் கண்டுபிடிக்கவில்லை, மாப்பிள்ளை. நான் அங்கே போனேன், இங்கே போனேன். தட்டினேன், குலுக்கினேன். நடுவில் அது பாட்டுப் பாடியது. விவசாயிகளுக்கு வானிலை சொன்னது. காசைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. சார்ஜன்டுக்குப் பொறுக்காமல் தானே மம்பட்டியை வாங்கித் தோண்டினார். அதுதான் பதினெட்டாவது குழி. அரை மணி நேரம் தோண்டியும் காசு அகப்படவில்லை. கடைசியில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு அறிக்கையில் எழுதினார்: கண்முன்னால் போட்ட காசையே காணமுடியாத இந்த உபகரணத்தைக் கொண்டு நிலத்தடியில் உள்ள எந்த மாணிக்கத்தையும் எவரும் எடுக்க முடியாது, ஆகவே குற்றம் எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை. நான் ஜெயிலுக்குப் போகாமல் தப்பியது தங்கள் வேலைத்திறமையால்தான். இதை நான் மனமாரச் சொல்கிறேன். தாங்கள் கொஞ்சம் கெட்டிக்காரராக இருந்திருந்தால் நான் இப்போது உள்ளே இருந்திருப்பேன்.

அன்று பின்னேரம் பளீலா தன் வீட்டுக்குப் போனார். டின்னையும் எடுத்துக்கொண்டு போனார். சாலி பின்னால் நடந்தார். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், பளீலா அந்தத் தாள்களை ஒவ்வொன்றாக மாவுப் பசை தடவிச் சுவரில் கறையான் அரித்த இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறார். சாலி பசைச் சட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இந்த மாவட்டத்திலேயே விலை கூடிய சுவர் அது. இருவரும் பேசிக்கொள்கிறார்கள். போன கிழமை சாலி, கடனுக்கு ஒரு பழைய தையல் மெஷின் பார்த்துவிட்டு வந்தார்.

இனி முடிவுக்கு வருகிறேன். ஓய்வுக்குப் பிறகு நாங்கள் இருவரும் கேகாலைக்கு வந்து தங்களோடு இருக்கவேண்டும் என்று தாங்கள் பொங்கலன்று கேட்டீர்கள். அதற்குப் பதில் இப்போது சொல்கிறேன். தங்கள் அன்புக்கு நன்றி. நாங்கள் வரமாட்டோம். மாப்பிள்ளை வீட்டில் இருப்பது எனக்கு வழக்கமில்லை என்பது ஒன்று. காலையில் கதவைத் திறந்து காலை வைக்கும்போது கீழே தரை இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிற வயது எனக்கு என்பது மற்றொன்று. வேறெங்காவது ஒற்றை அறைக் காம்பரா ஒன்று பார்த்துக்கொள்வேன். தங்கள் இயந்திரத்தைச் சாக்கில் சுற்றி, சணல் கட்டி, தபால் கந்தோரில் பார்சலாகச் சேர்க்க ஏற்பாடு செய்திருக்கிறேன். இந்தக் கடிதத்தோடு கூடவே அது வந்து சேரும். அதை மறுபடி இந்தத் தோட்டத்துப் பக்கம் கொண்டுவரவேண்டாம் என்று தங்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். மண்ணுக்குள் இருப்பது மண்ணுக்குள்ளேயே இருக்கட்டும்.

மகள் இந்திராணிக்கு எங்கள் ஆசீர்வாதம். தங்களுக்கு நீண்ட ஆயுளும், நிறைந்த தொழிலும், குறைந்த ஓய்வு நேரமும் கிடைக்கக் கதிர்காமத்து முருகன் அருள்புரிவாராக.

இப்படிக்கு,
தங்கள் நலத்தை (தூரத்திலிருந்து) விரும்பும்,
மு. வேலுசாமி

பி.கு.: மாப்பிள்ளைக்கு அத்தை பரிமளம் எழுதிக்கிறது. மாமா குளிக்கப் போயிருக்காங்க. கடுதாசிய ஒட்டச் சொல்லி எங்கிட்ட குடுத்தாங்க. ஒட்டறதுக்கு முந்தி படிச்சுப் பாத்தேன். நான் மூணாம் வகுப்புதான், பெழ இருந்தா மன்னிச்சுக்குங்க.

நீங்க போகையில நம்ம வாசல்ல ஆறு குழிதான் இருந்துச்சு. நான் அடுப்படி ஜன்னல்லருந்து எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன். மிச்சம் பதினொண்ணும் மாமா தோண்டினது. நீங்க பஸ் ஏறின அன்னைக்கே கட்டிலுக்குக் கீழருந்து அந்த இயந்திரத்த எடுத்துட்டாங்க. நீங்க மறந்து வச்சிட்டுப் போனதப் பத்தி ஒருத்தர்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கினாங்க. ஓய்வுக் கடுதாசி வந்த நாள்லருந்து மூணு மாசமா செவத்தப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்த மனுசன், இப்ப ஞாயித்துக்கெழமையானா சாலியண்ணனையும் கூட்டிக்கிட்டு மலைக்குப் போறாங்க. போன ஞாயிறு அந்த சார்ஜன்டும் சாரத்தோட வந்தாரு. அவரு போட்ட இருபத்தஞ்சு சதத்தத் தேடத்தான் வந்தேன்னு சொன்னாரு. மூணு பேருமா பொழுதன்னைக்கும் தோண்டிட்டு, ஒரு பழைய வெள்ளிக் காச எடுத்துக்கிட்டு வந்தாங்க. ராணி தல போட்டது. மாமா அதப் பல் தேய்க்கிற பிரஷ்ஷால கழுவித் தலகாணிக்குக் கீழ வச்சிருக்காங்க.

பார்சல் வந்தா பயந்துறாதீங்க. உள்ள இருக்கிறது நுளம்பு வல கட்டுற ரெண்டு கம்பும் ஒரு செங்கல்லும்தான். நான்தான் சணல் கட்டினேன்.

காசு கெடச்சா கடைக்குப் பின்னால எங்க ரெண்டு பேருக்கும் ஒரு காம்பரா எடுக்கணும்னுதான் நீங்க தோண்டினீங்கன்னு இந்திராணி எங்கிட்ட சொல்லிட்டுப் போனா. அத முந்தாநாள்தான் மாமாகிட்ட சொன்னேன். துண்ட எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு வெளிய போயிட்டாங்க. நேத்து சாப்பிடையில, சோத்தப் பெசஞ்சுக்கிட்டே, "மாப்பிள்ளை வீட்டு வாசல் எத்தன அடி அகலம் இருக்கும்?"னு கேட்டாங்க. எனக்குத் தெரியல. அளந்து எழுதுங்க.